சீருக்கு வந்த பழசு

"இது பழசுங்க!"

காரமடைக் கல்யாண மண்டபத்தில் சீர்வரிசை பார்த்துக்கொண்டிருந்த வேங்கடசாமி, கிரைண்டருக்குள் விரலை விட்டு எடுத்து உயர்த்திக் காட்டினார். விரலில் காய்ந்த மாவு. வீடியோக்காரர் விளக்கை அப்படியே விரல் பக்கம் திருப்பிவிட்டார்.

மாப்பிள்ளையின் அப்பா சொன்னால் சும்மாவா? பந்திக்குக் கிளம்பியவர்கள்கூட நின்றுவிட்டார்கள்.

பெண்ணைப் பெற்ற மயில்சாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார். கோயமுத்தூர் 'ரசாக் கிரைண்டர்ஸ்' கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிறவர் அவர். இந்தக் கிரைண்டர் முதலாளி வீட்டு அன்பளிப்பு. காலையில் துணி போர்த்தி வந்து இறங்கியது. பிரித்துப் பார்ப்பது மரியாதையில்லை என்று அப்படியே வைத்துவிட்டார்.

"கவுத்து மாவெடுக்கற புது மாடலெல்லாம் வந்துபோச்சு. தொண்ணூத்தஞ்சாம் வருசத்துல போயி, ஊட்டுல ஓட்டிப்போட்ட பழசைத் தள்ளிவிடறாங்களே!" வேங்கடசாமி விடுவதாக இல்லை. "சாப்பாட்டு விசயத்துல நான் கறாருங்க. எனக்குக் கல்யாணமான புதுசுல, இட்லி வாயில வைக்க முடியலைன்னு தட்டத் தூக்கி வாசல்ல வீசுனவன் நான்!"

இந்தத் தட்டு வீசிய வீரத்தை அவர் எந்த விசேஷத்திலும் சொல்லாமல் இருந்ததில்லை. அவர் மனைவி மாசாணியம்மாள் வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணப்பெண் எழிலுக்குக் கண் நிறைந்துவிட்டது. புகுந்த வீட்டில் கால் வைக்கும் முன்பே இப்படி ஒரு பேச்சா? இனி ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்களே!

அந்த நேரம் பார்த்து முதலாளி ரசாக்கும் அவர் மனைவி உம்மல் குல்சுமும் மண்டபத்துக்குள் வந்தார்கள்.

"வாங்க, வாங்க. ஏனுங்க, இது நியாயமுங்களா?" என்று விரலை நீட்டினார் வேங்கடசாமி.

ரசாக் சிரித்தார். "என்னைக் கேக்காதீங்க. போர்டுலதான் என்ற பேரு. கம்பெனியை ஆரம்பிச்சது நாங்க ரெண்டு பேரும். கிரைண்டரு எங்க ஊட்டம்மா குடுத்தது. அவங்களையே கேளுங்க."

"ஆமாங்க, பழசுதான்" என்றார் குல்சும், கொஞ்சமும் அசராமல். "ரெண்டு மாசமா எங்க ஊட்டுல ஓடுனது."

கூட்டம் உச்சுக் கொட்டியது.

"பாத்தீங்களா, அவங்க வாயாலயே வந்துபோச்சு!"

"புதுசுதான் வேணும்னா சாயந்தரத்துக்குள்ள அனுப்பிப்போடறேனுங்க. ஆனா ஒண்ணு. மொத ரெண்டு மாசம் மாவை நீங்கதான் ஆட்டோணும். எழிலை ஆட்டச் சொல்லக் கூடாது."

"நானா? நான் எதுக்குங்க மாவாட்டறேன்?"

"புதுக் கல்லு மண்ணு விடுமுங்க. உமி போட்டு ஓட்டி, கழுவித்தான் கம்பெனியை விட்டே அனுப்பறோம். அப்படியும் கொஞ்ச நாளைக்கு இட்லி நறநறங்கும்."

"அந்த இட்லியையெல்லாம் தின்னு தீத்தது நானுங்க." ரசாக் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "கல்லு தேஞ்சுதோ இல்லியோ, என்ற பல்லு தேஞ்சுபோச்சு."

மண்டபமே சிரித்தது. குல்சும் சிரிக்கவில்லை. எழிலின் பக்கத்தில் போய் அவள் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"நான் ரங்கூன்லருந்து கப்பலேறி வந்தவ கண்ணு. இவிங்க ஊட்டுக்கு வாக்கப்பட்டு வந்தப்ப, அங்க ஆட்டுக்கல்லு புதுசு. நானும் புதுசு. மண்ணு கடிச்சதும், 'ரங்கூன்காரிக்கு மாவாட்டத் தெரியல'ன்னாங்க. கல்லை ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. அதுதான், உன்ற கல்யாணம்னு கேட்டதுமே சொல்லிப்போட்டேன், எங்க புள்ளைக்குப் புதுக் கிரைண்டர் மட்டும் குடுக்கவே கூடாதுன்னு."

மயில்சாமி கையெடுத்துக் கும்பிட்டார். வேங்கடசாமி அந்த விரலை எங்கே துடைப்பது என்று தெரியாமல் வேட்டி நுனியைத் தேடிக்கொண்டிருந்தார்.

இத்தனை நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த மாசாணியம்மாள் முன்னால் வந்தார். துணியை எடுத்துக் கிரைண்டரைப் பதமாக மூடினார். "இது இப்படியே நம்மூட்டுக்கு வரட்டும்" என்றார். பிறகு புருசன் பக்கம் திரும்பி, மண்டபத்துக்கே கேட்கும்படி கேட்டார்:

"ஏனுங்க, நீங்க தட்டை வீசுன அன்னைக்கு, நம்மூட்டு ஆட்டுக்கல்லும் புதுசுதானுங்களே?"