சந்தனம் வைத்த பற்றரி

பதினோராவது தடவையாகத் திறப்பைத் திருகினார் கோணாமலை. கார் இரண்டு முறை முனகிவிட்டு அடங்கிப்போனது.

பின் சீற்றில் மாப்பிள்ளை. தலைப்பாகை கட்டி, பட்டு வேட்டி உடுத்து, நல்ல நேரம் பார்த்து ஏறி உட்கார்ந்து அரை மணித்தியாலம் ஆகிறது. பக்கத்தில் அவனுடைய மாமி இலட்சுமிப்பிள்ளை, மடியில் கூறைச் சேலைத் தட்டத்துடன்.

பெண் வீடு பேத்தாழையில். தேற்றாத்தீவிலிருந்து ஒன்றேகால் மணித்தியால ஓட்டம். ஒன்பதே காலுக்குள் தாலி ஏறியாக வேண்டும். இப்போதே ஏழரை தாண்டிவிட்டது.

சொந்தக்காரர்களை ஏற்றிய பஸ் எப்போதோ போய்விட்டது. மிச்சம் நின்ற அயலவர்கள் குடையைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சொல்வதற்கு என்ன, வாய்தானே! ஒருவர் தள்ளலாம் என்றார். ஓட்டோ கியர் கார் தள்ளினால் ஸ்டார்ட் ஆகாது, பேத்தாழை வரை தள்ளிக்கொண்டே போகவேண்டியதுதான் என்றார் கோணாமலை.

ஐந்து நாளாக விடாத தை மழை. வாவிப் பக்கமிருந்து வந்த ஈரக்காற்றில் அவருக்கே பல் கிட்டியது. காருக்குக் கேட்கவா வேண்டும்.

இது இன்றைக்கு வந்த வியாதியுமல்ல. மூன்று மாதத்துக்கு முன் மாரி தொடங்கிய நாள் முதல் காலையில் இதே சண்டித்தனம்தான். வெயில் ஏறினால் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஓடும். இரண்டு மெக்கானிக்குகளிடம் காட்டியாயிற்று. பற்றரி புதிது என்பதால் ஒருவருமே அந்தப் பக்கம் கை வைக்கவில்லை. ஒருவர் ஸ்டார்ட்டர் மோட்டரைக் கழற்றிப் பூட்டினார். மற்றவர், பழைய கார்தானே என்று ஒரு சொல் சொன்னார். அந்த மனிதரை நினைத்தால் கோணாமலைக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

“வேற வாகனம் பிடிப்பமா?” என்று யாரோ கேட்டதும் இலட்சுமிப்பிள்ளை சீறினாள். ஏறின காரிலிருந்து மாப்பிள்ளை இறங்கினால் அந்தக் கலியாணம் விளங்குமா? பிறகு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே முணுமுணுத்தாள்.

“பொண்ணுட ராசி. கால் வைக்க முந்தியே காட்டுது.”

கோணாமலைக்குச் செத்துவிடலாம் போல் இருந்தது. அவருடைய காரால் ஒரு பெண்பிள்ளையின் பெயர் கெடுகிறதே!

மாப்பிள்ளை கோகுலராஜ் போனில் ஒரு நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, முன்னால் நீட்டினான்.

“வாகன வேலை தெரிஞ்ச ஆள் அண்ணன். சொல்லுறதச் செய்யுங்க.”

போனில் கேட்டது பெண் குரல். கோணாமலைக்குச் சுருக்கென்றது. முப்பது வருடமாக ஸ்டியரிங் பிடித்த மனிதனுக்கு இனி இது வேறா? ஆனால் முகூர்த்தம் அவருடைய ரோசத்துக்காகக் காத்திருக்குமா. போனை வாங்கினார்.

முதலில் லைற்றைப் போட்டுவிட்டுத் திறப்பைத் திருகச் சொன்னாள். திருகினார். எதிர்ச் சுவரில் விழுந்த வெளிச்சம் அப்படியே செத்துப்போனது.

அடுத்து, பொனற்றைத் திறந்து பற்றரியின் இரண்டு தலையையும் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். எல்லாம் சில்லிட்டுக் கிடந்த இடத்தில் ஒரு தலை மட்டும் கையைச் சுட்டது.

“சுடுதா? அப்ப அதுதான். வயரக் கழட்டுங்க.”

கழற்றினார். வயரின் கவ்விக்கும் பற்றரித் தலைக்கும் நடுவே மஞ்சளும் சிவப்புமாய் ஒரு படை காய்ந்து இறுகிப்போய் இருந்தது.

ஐயோ, வைத்தவர் அவரேதான்! ஆயுத பூசைக்கு வாங்கிய பற்றரி. சாமிக்கு முன்னால் வைத்து, இரண்டு தலைக்கும் சந்தனத்தை அப்பி, குங்குமமும் வைத்து, அதற்கு மேலேயே வயரைப் பூட்டியிருந்தார். பக்தி கொஞ்சம் கூடித்தான் போயிருந்தது.

விசயத்தைச் சொன்னதும் போனில் சிரிப்புக் கேட்டது.

“சாமி கோவிக்காது அண்ணன், சுரண்டுங்க. குளிருக்க ஒயில் இறுகிக் கிடக்கும். எஞ்சினச் சுத்தக் கூடக் கறன்ற் வேணும். சந்தனம் விடுதில்ல.”

பேனாக்கத்தியால் சுரண்டினார். ஈயம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டினார். வயரை வைத்து இறுக்கினார். பிள்ளையாரே என்று திறப்பைத் திருகினார்.

ஒரே அடி! கார் உறுமிக்கொண்டு எழும்பியது.

வாசலில் பெண்கள் குரவை போட்டார்கள். குடைகள் மேலே போயின. கோணாமலை ஹோனை விடாமல் அடித்தார். இந்த மூன்று மாதத்தில் ஒருநாள் காலையிலாவது அவர் இப்படி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்ததில்லை. சந்தோசத்தில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

“தங்கச்சி, நீங்க எந்த கராஜ்? இனி வாகனத்த உங்களிட்டத்தான் கொண்டு வருவன்.”

“வாழைச்சேனையில அண்ணன். இண்டைக்குப் பூட்டு.” குரலுக்குப் பின்னால் மேளம் கேட்டது. “எனக்குக் கலியாணம். அவரக் கெதியாக் கொண்டு வாங்க.”

கோணாமலை கண்ணாடியில் பின்னால் பார்த்தார். கோகுலராஜ் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

இலட்சுமிப்பிள்ளை எட்டிப் போனை வாங்கினாள்.

“மகள்,” என்றாள், “வெறும் வயித்தோடயா இருக்கிறீங்க?”