பழைய வெள்ளையே போதும்

“அந்தக் கறுப்ப எடுத்துரும்மா ஜோனிட்டா. பழைய வெள்ளையே போதும்.”

ஜோனிட்டாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கையிலிருந்த தே தாரிக் தேநீர்க் குவளையை மேசையில் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த சவரியப்பனை முறைத்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து, அலோர் காஜா சர்ச் கேண்டீனில் ஒரே இரைச்சல். சவரியப்பனின் இரண்டு கண்களும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. பக்கத்தில் அவர் மனைவி பாட்ரீசியா, உலகமே தனக்குச் சம்பந்தமில்லாததுபோல நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“கேட்டதே நீங்கதானே அங்கிள்! ‘வெள்ளை ஸ்கிரீன் கண்ணக் குத்துது, தண்ணியா ஊத்துது’ன்னு போன மாசம் இங்கேயே உக்காந்து சொன்னீங்களா இல்லையா?”

“சொன்னேன் லா. யாரு இல்லன்னா?”

அன்றன்றைய பைபிள் வாசகத்தைத் தமிழில் காட்டும் செயலி அது. பங்கு மக்களுக்காக ஜோனிட்டா செய்து கொடுத்தது. சம்பளம் கிடையாது, நன்றியும் எப்போதாவதுதான். ஆபீஸ் வேலை போக மிஞ்சிய நேரத்தையெல்லாம் கொட்டி, பொழுது சாய்ந்ததும் திரை தானாகக் கறுத்துவிடும்படி மாற்றியிருந்தாள். நன்றாக விடிந்த பிறகுதான் திரும்ப வெள்ளையாகும். பங்கில் எல்லாரும் கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்று மெச்சினார்கள். யாருக்காகச் செய்தாளோ, அவர்தான் வேண்டாம் என்கிறார்.

“டாக்டர் என்ன சொன்னாரு அங்கிள்?”

“கண்ணு காஞ்சு புண்ணாயிருக்காம். இருட்டுல வெளிச்சமான ஸ்கிரீன வெச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா ஆறாதுன்னாரு.”

“வேலையில?”

“சின்னச் சின்ன பீஸக் கண்ணால பாத்துத் தள்ளுற வேலைதானே. கீறல் விழுந்தத நல்லதுன்னு விட்டுட்டேன். சூப்பர்வைசர் வார்னிங் குடுத்துட்டான். இன்னொரு தடவ ஆனா வீட்டுக்கு அனுப்பிருவான்.”

“இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டு, வெள்ளை வேணும்ங்கறீங்க!”

சவரியப்பன் மேசையைப் பார்த்தார். ஜோனிட்டாவுக்குப் பாடற்குழுவை நடத்தும் தங்கையாமேல் சந்தேகம் வந்தது. கறுப்புச் சட்டையோடு பாட வந்த பையனைத் திருப்பி அனுப்பிய மனிதர் அவர்.

“கறுப்பு துக்கத்துக்குத்தான், வேதத்துக்கு ஆகாதுன்னு தங்கையா அங்கிள் ஓதினாரா?”

“அவன் கெடக்கிறான்.”

“பின்ன என்னதான் சுசா, என்ன கஷ்டம் உங்களுக்கு? எங்க வெச்சுப் படிக்கிறீங்க?”

“பஸ்லதான். ரெண்டு பேருக்கும் ஒரே கிலாங்லதானே வேலை, விடியறதுக்கு முன்னாடியே ஃபேக்டரி பஸ் வந்துரும். ஆளுங்க தூங்கணும்னு டிரைவர் லைட்ட அணச்சிருவாரு. வேலைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள இவளுக்கு வாசகத்தப் படிச்சிருவேன். இவ மலாய் ஸ்கூல்ல படிச்சவ, தமிழ் எழுத்துத் தெரியாது. கல்யாணமான நாள்ல இருந்து இந்தப் பழக்கம்.”

“எல்லாரும் தூங்கறப்ப நீங்க சத்தமா படிச்சா ஏச மாட்டாங்களா?”

“சத்தம் எதுக்கும்மா?” என்றார் அவர்.

“சரி, அந்த இருட்டுலதானே அங்கிள் கறுப்பு வேணும்? பகல்ல வெள்ளையா இருந்தா ஒண்ணும் இல்ல.”

“பகல்ல எப்படியும் இருந்துட்டுப் போகட்டும். பஸ்ல மட்டும் வெள்ளை வேணும். எவ்வளவு வெளிச்சம் வைக்க முடியுமோ அவ்வளவும் வை. கறுப்பு வந்ததுல இருந்து இவ ஜன்னல் பக்கமாத் திரும்பி உக்காந்துக்கிட்டு வர்றா. என்னால தாங்க முடியல.”

ஓகோ, அம்மாளுக்குக் கறுப்பு பிடிக்கவில்லையா! ஜோனிட்டாவுக்கு எரிந்தது. பாட்ரீசியாவின் தலைக்கனம் பங்கில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். போன வாரம் பசாரில் பின்னாலிருந்து ஜோனிட்டா கூப்பிட்டுக்கொண்டே வர, திரும்பியும் பார்க்காமல் போனவள். புருஷன் கண்ணும் வேலையும் போகப்போகிறது, இவளுக்குக் கோபித்துக்கொள்ள நேரம் இருக்கிறது.

“ஆன்ட்டி, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க லா,” என்றாள்.

பாட்ரீசியா தலையை நிமிர்த்தவில்லை. முட்டையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

சவரியப்பன் மனைவியின் கையைத் தொட்டார். அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

“இந்தப் பொண்ணு என் கண்ணப் பத்திக் கேக்குது,” என்றார் அவர், நிதானமாக.

“எனக்குப் படிக்கவே வேணாம்னு சொல்லிட்டேன்! கண்ணுதான் முக்கியம்னு சொன்னேன். இந்த மனுஷன் கேட்டாத்தானே!” பாட்ரீசியா போட்ட சத்தத்தில் பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கண்கள் நிறைந்துவிட்டன. பொட்டலத்தைச் சுருட்டிக்கொண்டு கை கழுவப் போய்விட்டாள்.

ஜோனிட்டா குழம்பிப் போனாள். கோபம் போன இடத்தில் என்னவோ சங்கடம் வந்து உட்கார்ந்தது.

“அவங்களே வேணாங்கறாங்க. எழுத்த வேணும்னா பெருசாக்கித் தர்றேன். அவ்வளவு வெளிச்சம் எதுக்கு அங்கிள்?”

“எழுத்து எனக்கு நல்லாத் தெரியுது.” அவர் குழாயடியில் நின்ற மனைவியைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார். “யாரும் பரிதாபப்படக் கூடாதுன்னு மறைச்சு வெச்சிருக்கா, நீயும் சொல்லிராத. அவளுக்கு ரெண்டு காதும் கேக்காதும்மா. அந்த வெளிச்சம் என் மொகத்துல விழுந்தாத்தான், என் ஒதட்டப் பாத்து அவ வாசகம் கேப்பா.”