வண்டி விட ஓர் இடம்

வீட்டுத் தரகருக்குச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். இந்த ஒன்பதாவது வீட்டிலும், வாடகைக்கு வீடு தேடி வந்த அந்த மனிதர் அறைகளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கார் நிறுத்தும் இடத்துக்குப் போய், டேப்பை விரித்து, கேட்டின் அகலத்தையும் கூரையின் உயரத்தையும் அளந்தார். அங்கிருந்து லிஃப்ட் வரை அடி அடியாக நடந்து பார்த்தார்.

"குடியிருக்கப் போறது நீங்களா, காரா சார்?"

"இது சரியா இருக்கு." அவர் முகம் முதல் தடவையாகத் தெளிந்தது. "ஆனா இங்க வேற யாரும் வண்டி விடக்கூடாது. ஒரு நிமிஷம்கூட."

பெரிய இடம்தான் போலிருக்கிறது என்று தரகர் நினைத்துக்கொண்டார். "ஓனர் கேப்பார். என்ன வண்டி? எப்ப வரும்?"

"எங்கிட்ட வண்டியே இல்லங்க."

தரகர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பழைய வீட்டுச் சந்துல ஆம்புலன்ஸ் நுழையல. பெரிய பொண்ணைத் தோள்ல போட்டுக்கிட்டு தெருமுனை வரைக்கும் ஓடுனேன். அஞ்சு நிமிஷம் முன்னாடி வந்திருந்தா பொழைச்சிருப்பான்னு டாக்டர் சொன்னாரு."

அவர் டேப்பை மெல்லச் சுருட்டினார்.

"சின்னவளுக்கும் அதே இதய நோய்தான். எப்ப வரும்னு கேட்டீங்களே, அந்த வண்டி இங்க வரவே கூடாதுன்னுதான் தினமும் வேண்டிக்கிட்டிருக்கேன்."