ஐந்து நட்டு

ஐம்பத்தெட்டாம் வருஷம் பங்குனியில், காப்பிக்கொட்டை வியாபாரி குருநாதனின் கறுப்புக் கார் வத்தலக்குண்டிலிருந்து மலையேறிக்கொண்டிருந்தது. ஓட்டிக்கொண்டிருந்த அவருக்குப் பக்கத்தில் மெக்கானிக் பொன்னுவேல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டக், டக், டக். சற்று ஓய்வு. மறுபடி மூன்று.

"வெரசா விடுங்க" என்றான். கார் வேகமெடுத்தது, சத்தம் வேகமெடுக்கவில்லை. ஒரு வளைவில் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திய பிறகும் முன்சக்கரத்தில் அதே மூன்று கேட்டது.

"எப்ப இருந்துங்க இப்படி?"

"மாசி மகத்தன்னிக்கு, இதே வளைவுலதான் ஆரம்பிச்சுது" என்ற குருநாதன் வேறு பக்கம் பார்த்தார்.

அன்றைக்கு இதே வளைவில்தான், மலைவாழைப்பழம் விற்றுக்கொண்டிருந்த பொன்னுவேலின் மனைவி பாப்பம்மாளை ஏதோ ஒரு கார் அடித்துக் கொன்றுவிட்டு நிற்காமல் போயிருந்தது. பாக்குவெட்டியால் பாக்கை மூன்று வெட்டு வெட்டி, சுண்ணாம்பு தடவிய வெற்றிலையோடு வாயில் போட்டுக்கொண்டு, பிறகு அடுத்த மூன்று வெட்டுவது அவள் பழக்கம்.

பொன்னுவேல் சக்கர மூடியைக் கழற்றினான். உள்ளே ஈரம் காயாத பாக்குச் சீவல் ஒன்று இருந்தது.

"என்னலே கெடக்கு?"

"கல்லுதானுங்க." சீவலைக் கைக்குள் மறைத்துக்கொண்டான். ஸ்பானராலேயே குருநாதனை அடிக்கத் தோன்றியது. ஆனாலும் தொழில் பழக்கம் விடவில்லை. சக்கரத்தின் ஐந்து நட்டையும் ஸ்பானரில் ஏறி மிதித்து இறுக்கிவிட்டுத்தான் மூடியைப் போட்டான். சத்தம் நின்றுவிட்டது.

"எனக்கு மேலே சோலி கெடக்கு. நீ பஸ்ஸைப் பிடிச்சு எறங்கிரு" என்று குருநாதன் கிளம்பினார்.

பொன்னுவேல் பீடி எடுக்கச் சட்டைப்பையில் கைவிட்டான். உள்ளே அதே ஐந்து நட்டுகள் இருந்தன. ஐந்திலும் ஈரச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் கார் போய்க்கொண்டிருந்தது. பொன்னுவேல் சீவலை வாயில் போட்டு மெல்லத் தொடங்கினான்.