ஏழு மனுக்கள்

பெரம்பலூர் கல்யாண மண்டபத்தில் பேராசிரியர் குணபாலனுக்குப் பாராட்டு விழா. கிணற்று நீரின் ஃப்ளோரைடு பற்றிய ஆய்வுக்கு டெல்லி விருது. கூடவே இன்னும் ஐந்தாண்டுக்கு ஆராய்ச்சி நிதி.

பூலாம்பாடிப் பக்கமிருந்து மாயவனும் மகள் பிரவீணாவும் வந்திருந்தார்கள். அவர் ஆராய்ந்தது அவர்கள் ஊர்க் கிணற்றைத்தான். அந்தத் தண்ணீரைக் குடித்தே மாயவனின் முழங்கால் வளைந்துவிட்டது. மகளின் பல்லில் காவி படியத் தொடங்கியிருந்தது.

"நம்ம மனு கலெக்டர் கைக்குப் போயிருக்குமாப்பா?"

"நாம போனா வாசல்லயே நிறுத்திடுவாங்க. சார் போனா எந்திரிச்சு நிப்பாங்க. அதுக்குத்தான சார் கையில குடுக்குறோம்."

குழாய்த் தண்ணீர் கேட்டு ஊரே கையெழுத்திட்ட மனுவை ஏழு வருஷமாக, வருஷத்துக்கு ஒன்றாக, மாயவன் அப்படித்தான் பேராசிரியரிடம் கொடுத்துவந்தார்.

மேடையில் பதினோரு சால்வை விழுந்தது. இறங்கி வந்த பேராசிரியர், மாயவன் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். விருது வாங்கிய நூலையும் நீட்டினார்.

"உங்க ஊரு இல்லாம இந்தப் புக்கே இல்லைங்க."

கடைசிப் பக்கங்களைப் புரட்டிய பிரவீணா நின்றாள்.

"அப்பா, நம்ம மனு. ஏழையும் அச்சடிச்சிருக்காங்க. உன் கைநாட்டுகூடத் தெளிவா இருக்கு."

மாயவன் நிமிர்ந்தார். "சார், அப்ப கலெக்டருக்குக் குடுத்தது?"

"அவங்ககிட்டக் குடுத்தா எங்கயாவது தொலைச்சுடுவாங்க. ஏழும் என் பீரோவுல பத்திரமா இருக்கு" என்றார் பேராசிரியர். "ஆமா, இந்த வருஷ மனுவைக் கொண்டாந்தீங்களா? ரெண்டாம் பதிப்புக்கு வேணும்."