சிரிப்புப் பரீட்சை

திண்டுக்கல்லில் சந்திரவதனி இடுப்படித் தசையை இறுக்கினால், அவள் அணிந்த சென்சார் வழியே கோயம்புத்தூரில் பிசியோதெரபிஸ்ட் நஸ்ரீனின் கையுறை அதை உணர்ந்துவிடும். சிரித்தால், தும்மினால் சிறுநீர் கசிந்த, கணவரிடம்கூடச் சொல்லாத ஆறு வருட அவஸ்தைக்கு மூன்று மாதப் பயிற்சி. இன்று கடைசிப் பரீட்சை.

"வயிறு குலுங்கச் சிரிங்கக்கா," என்றாள் நஸ்ரீன், காதில் மாட்டிய இயர்போனுக்குள்.

சந்திரவதனி கணவரைக் கூப்பிட்டாள். மாசிலாமணி பட்டிமன்றப் பேச்சாளராக இருந்தவர். அவர் பேசும்போதெல்லாம் முதல் வரிசையில் உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கும் மனைவி, பாதியில் எழுந்து ஓடிவிடுவாள். மனம் நொந்து மேடையையே விட்டுவிட்டார்.

"அந்த மாமியார் மிக்சி ஜோக்கச் சொல்லுங்க."

"ஒனக்குத்தான் அது புடிக்காதே!"

"சொல்லுங்கன்னா!"

சொன்னார். சந்திரவதனி சிரித்த சிரிப்பில் சோபா ஆடியது. எழுந்து குதித்தாள். "ஒரு சொட்டுகூட நனையல!" காதுக்குள் நஸ்ரீன் விசிலடித்தாள்.

மாசிலாமணிக்கு மெல்ல விளங்கியது. "அப்ப நீ எந்திரிச்சு ஓடுனதெல்லாம்..."

"பாத்ரூமுக்குங்க."

"என் ஜோக்கெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சா?"

"மகா மொக்கைங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொண்ணு சொல்லுங்க."