டண்டர் வாசம்

"யோவ், அங்கேயே நில்லு! குளிக்காம படி ஏறினா ராச்சோறு கிடையாது."

ஹெர்மின் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினாள். ஆஸ்பர்ட் அலுப்போடு வாசலில் நின்றான்.

ரம் காய்ச்சி முடித்ததும் கொப்பரை அடியில் மிஞ்சும் கசடுதான் டண்டர். குழியில் கிடந்து அழுகி நாறும். அடுத்த முறை காய்ச்சும்போது அதைச் சேர்த்தால்தான் ரம்முக்கே மணம். இருபது வருஷம் அந்தக் குழி ஆஸ்பர்ட்டின் பொறுப்பு.

"உன்னால சர்ச்ல நம்ம பெஞ்சுல ஒருத்தரும் உக்கார மாட்டேங்கிறாங்க."

"அங்கதானே, 'என் புருஷன் குழி இல்லாட்டி ஜமைக்காவுல ரம்மே இல்ல'ன்னு பீத்திக்கிறே?"

"அது ஊருக்குய்யா. வீட்டுக்கு சோப்புதான். பாரு, என் பாவாடையில கூட உன் நாத்தம்!"

ஆஸ்பர்ட் குழாயடிக்குப் போனான். முதுகு விண்ணென்று தெறித்தது. கிழங்குத் தோட்டத்துக் கூலி வேலை இன்னும் பழகவில்லை.

ரம் ஆலை அவனை வேண்டாமென்று அனுப்பி மூன்று மாதமாகிறது. அதை ஹெர்மினிடம் சொல்ல வாய் வரவில்லை. குன்றின் மேலிருக்கும் பழைய குழியில் மொண்ட டண்டரைப் புட்டியில் வைத்துக்கொண்டு, தினமும் சட்டையில் தெளித்த பிறகே வீடு திரும்புகிறான். இன்று கடைசிச் சொட்டும் தீர்ந்துவிட்டது. குன்றேறிப் போய் மறுபடி மொண்டுவர உடம்பில் தெம்பில்லை.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பிப் பையைத் தூக்கினான். கனத்தது. திறந்து பார்த்தான். புட்டியில் கழுத்து வரை டண்டர்.

கொடியில் ஹெர்மினின் பாவாடை சொட்டிக்கொண்டிருந்தது.

அடுப்படியிலிருந்து அவள் கத்தினாள்: "சாயங்காலம் அந்த நாத்தத்தோட வந்து நிக்காதேய்யா!"